பலகையில் என் பெயர்

பிப்ரவரி 11, புதன்
கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. உள்ளங்கை எரிகிறது. பறவைக் காய்ச்சலில் எல்லாக் கோழிகளையும் அழித்து இத்தனை நாளாகியும், காலையில் எழுந்ததும் தீவன வாளியைத் தேடுகிறேன். பைத்தியம்!

பிப்ரவரி 16, திங்கள்
கால்நடை அலுவலகத்திலிருந்து போன். அவசர நிவாரணம் அனுமதியாகிவிட்டது! அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அப்புறம் அந்த எழுத்தர் அம்மா சொன்னாள்: "பேரும் தொகையும் போர்டுல ஒட்டுவோம், இன்டர்நெட்லயும் வரும். மக்கள் பணம் இல்லையா? வேண்டாம்னா வெள்ளிக்கிழமைக்குள்ள மனுவை வாபஸ் வாங்கிக்கலாம்."

இது என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போட்ட மனு. பண்ணை என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்தே போதும். அவருடைய அண்ணனுக்கும் பக்கத்திலேயே பண்ணை. அவர் கோழிகளும் போயின. "நம்ம குடும்பம் எவன்கிட்டயும் கை நீட்டினதில்ல" என்றார் அண்ணன். இவரும் தலையாட்டினார். மறுநாளே நான் போய் மனுவைக் கொடுத்தேன்.

பிப்ரவரி 17
யாரைக் குறை சொல்ல? போன வெள்ளத்தின்போது, ஒரு மாடுகூட இல்லாத டிராக்டர் கடைக்காரர் நிவாரணம் வாங்கினார். கூட்டத்தில் எழுந்து, "யாருக்குக் கொடுத்தீங்கன்னு போர்டுல எழுதிப் போடுங்க!" என்று கத்தியவள் நான்தான். கைகூடத் தட்டினார்கள். இப்போது என் பெயர் என்றதும் கசக்கிறதா?

பிப்ரவரி 19, வியாழன்
சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டே? அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"கொட்டகை காலியாக் கிடக்கு. உங்க கௌரவம் முட்டை போடுமா?"

கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாபஸ்? மாட்டேன்.

பிப்ரவரி 21
உப்பு வேண்டும் என்றால்கூட என்னிடம் கேட்காமல் டப்பாவைத்தான் பார்க்கிறார்.

பிப்ரவரி 24, செவ்வாய்
பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அவர் தனியாகவே பார்க்கப் போனார். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாரா — இல்லை, சிரிக்கிறார்!

"மனு வந்த வரிசையில போட்டிருக்காங்க. உன் பேருக்கு மேல அண்ணன் பேரு! நமக்கு முன்னாடியே போட்டிருக்கார். அவரும் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்டா'ங்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் சும்மாதான் வந்தேன்னேன்."

டிராக்டர் கடைக்காரர் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். "ரெண்டு தரம் தேடிட்டேன். இல்ல."

சாயங்காலம் ஓரகத்தி போன் செய்தாள். "நீயும்தானாடி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கா?"

அதற்கப்புறம் சிரிப்புதான்.

மார்ச் 12, வியாழன்
ஒரே வண்டியில் இரண்டு வீட்டுக்கும் குஞ்சுகள் வந்தன. வாடகை பாதிப் பாதி. அண்ணன் முதலில் எங்கள் கொட்டகைக்குத்தான் வந்தார். "விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்குடா, குஞ்சு குளிர்ல ஒண்டுது பாரு" என்று இவரை விரட்டுகிறார். போர்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.