இரிமோயா முக்கோணத்துக்குள் ஒரு மதியம்

என்னங்க,

கேட்கிறதா? இரும்புலியூர் வீட்டிலிருந்து உங்கள் கோமதிதான் எழுதுகிறேன்.

உங்கள் ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்காக ஜப்பான் போனவர்கள் எல்லாம் பொம்மையும் சாக்லேட்டும் வாங்கி வந்தார்கள். நீங்கள் ஒரு கூரையை மனதில் கொண்டுவந்தீர்கள். "கிரிசுமான்னா ரெண்டு பக்கம் சரிவு, கோமதி. யோசெமுனேன்னா நாலு பக்கமும். இது மேல அதை வெச்சா இரிமோயா!" சாப்பிட்ட கை காய்கிறவரை பேசினீர்கள். தெருவே மொட்டை மாடி போட்டபோது, நம் வீட்டுக்கு மட்டும் ஓட்டுக்கூரை ஏறியது. கீழே நாலு பக்கமும் சரிவு, மேலே இரண்டு பக்கம், முன்னால் மரச்சட்டம் அடித்த ஒரு முக்கோணம். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நீங்கள் கண்ணை மூடியபிறகு இங்கிருந்து கிளம்பத்தான் தவித்தேன். பெங்களூரிலிருந்து நம் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வீடு வாங்க வந்தவர்களோ அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோயில் மாதிரி இருக்கே மேடம், இதுக்கு மேல ஒரு ஃப்ளோர் எடுக்க முடியாதே" என்று நடையைக் கட்டினார்கள். உங்கள் ஆசைக்குள் நான் அடைபட்டுக் கிடந்தேன்.

போன வாரம் ஒருவர், ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்கச் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். அதற்கு முன் நானே பார்த்துவிடலாம் என்று கதவைத் தாழிட்டுவிட்டுக் கூரைக்குள் ஏறினேன். ஏணி சரிந்து விழுந்துவிட்டது. போன் கீழே. நிமிரக்கூட இடமில்லை, ஓட்டுச் சூட்டில் மூச்சு முட்டியது. தவழ்ந்து போய் முக்கோணச் சட்டத்தில் முகத்தை அழுத்திக் கத்தினேன்.

தண்ணீர் கேன் போடும் சேகர் வண்டியை நிறுத்தினார். "அக்கா, எங்கேந்து கூவுறீங்க?"

"மேல! முக்கோணத்துல!"

"அங்க இன்னாக்கா பண்ணினுகீறீங்க?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏணி விழுந்துடுச்சுப்பா!"

"வூடு பூட்டிக்கீதே... இருங்க, ஆள இட்டாரேன்."

அவர் ஆளோடு வரும்வரை உங்களைத் திட்டினேன். சாவுக்கு வந்தவர்கள் முன்னால் திட்ட முடியாததையெல்லாம் திட்டினேன். கேட்காமல் கட்டியதற்கு. கட்டிவிட்டு என்னைத் தனியே விட்டுப்போனதற்கு. தொண்டை வறண்டு ஓய்ந்தபோது, சட்டத்தின் இடுக்கில் காற்று வந்து முகத்தில் பட்டது. இதற்காகத்தான் வைத்தீர்களோ?

பின்கதவை உடைத்து இறக்கினார்கள். சாயங்காலம் வந்தவர் எல்லாம் பார்த்துவிட்டுத் தயங்கினார். "வீட்டை வாங்கிக்கிறோம். ஆனா கூரையைப் பிரிச்சிடுவோம்மா. உங்களுக்குப் பரவாயில்லையா?"

"பிரிச்சிக்கோங்க சார்" என்றேன். உங்களுக்கு வலித்ததா?

பெங்களூருக்கும் போகவில்லை. படப்பையில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் சத்தியம்: உங்கள் மேல் கோபம் வந்தால் இனி உள்ளே வைத்துப் புழுங்க மாட்டேன். அப்போதே, வாய்விட்டு, உங்களிடமே சொல்லிவிடுவேன்.

திட்டவும் உரிமையுள்ள
உங்கள் மனைவி,
கோமதி