ஒரே ஆப்பை இரண்டு பேர் எழுதும் வீடு

மார்ச் 3, திங்கள்

பெற்றோரின் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரும்படி மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக்குகள் போனில் பயன்படுத்தும் ஆப்பை எழுதுகிறேன் என்றேன்.

"அப்பா?"

அதே கம்பெனியில் அதே ஆப்பை எழுதுகிறார். நான் ஆண்ட்ராய்டு போனுக்கு, அவர் ஐபோனுக்கு.

"ஒரே ஆப்பை ரெண்டு பேரும் ரெண்டு தடவை எழுதறீங்களா? எதுக்கு?"

ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறோம். யாரும் இப்படிக் கேட்டதில்லை. பஸ் வந்துவிடும், கிளம்பு என்றேன்.

பதினொரு மணிக்கு மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். இவருக்குக் காட்ட பஸ் இல்லை.

ஆபீசில் இவருக்குப் பெயர் 'சுருக்கம்'. எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். இன்று அவரே சுருக்கமாகச் சொன்னார். மெக்கானிக் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து டிக் போடும் செக்லிஸ்ட் திரை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மூன்று விதமாகச் செய்து பார்க்க வேண்டும். மெக்கானிக் கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ஒரு பக்க அறிக்கை.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் மேடம். ஒரே ஆள் போதும்னு முடிவு வரலாம். நீங்கதான் நடுநிலையா எழுதுவீங்க."

ஒரு ஆள் போனால் அது நான், இல்லையென்றால் அவர். இதில் நடுநிலை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். "சரி சார்" என்றேன்.

மார்ச் 5, புதன்

அறிக்கையின் முதல் பத்தி, சுருக்கத்துக்குப் புரிகிற மாதிரி:

நேட்டிவ் என்றால், ஒவ்வொரு வகைப் போனுக்கும் அதனதன் மொழியில் தனித்தனியாக எழுதுவது. வேகம், கேமரா எல்லாம் சொன்னபடி கேட்கும். ஆனால் எல்லாம் இரட்டை வேலை. கிராஸ் பிளாட்ஃபார்ம் என்றால் ஒரு தடவை எழுதினால் இரண்டு வகைப் போனுக்கும் ஆப் கிடைக்கும். வெப் என்றால் ஆப்பே இல்லை, ஒரு இணையப் பக்கம். ஆப் மாதிரி உடுத்திக்கொண்டு வந்து நிற்கும்.

மூன்றையும் நான்கு வரியில் முடித்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருடம் செய்தது ஒன்றரை வரி.

மார்ச் 6, வியாழன்

அவர் என் திரையை எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறாய் என்றார். "சும்மா ஒரு டெஸ்ட்" என்றேன். கல்யாணமானதிலிருந்து சொன்ன முதல் பொய் என்று எழுத ஆசைதான். நூற்றிரண்டாவதாக இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

சோதனைக்கு ஒரு மெக்கானிக் பெண்ணை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். கையுறையைக் கழற்றாமலே போனை இயக்குகிறாள். அவளோடு ஒரு ஐந்து மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கினேன். ஒன்பது வருடத்தில் முதல் முறை. லிஃப்டுக்கு அடியில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பள்ளம், சிமெண்டுத் தரை, கிரீஸ் வாடை. சிக்னல் கிடையாது.

வெப்பைத் திறந்தாள். வெள்ளைத் திரை.

"சுத்தமா இருக்குக்கா" என்றாள்.

நான் கொண்டுபோன டெஸ்ட் போனில் என் நேட்டிவ் ஆப் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. பெருமையாக இருந்தது. அதை அறிக்கையில் எழுதக் கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

வெப் பக்கத்தைப் போனிலேயே சேமித்து வைக்கும்படி மாற்றினேன். இப்போது சிக்னல் இல்லாமலும் திறக்கிறது. அதிலும் ஒன்பது பதிவுகளைப் போட்டுவிட்டு அவள் லீவில் போனாள். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம்.

மார்ச் 14, வெள்ளி

கிராஸ் பிளாட்ஃபார்மில் செக்லிஸ்ட் தயார். மொத்தம் நான்கு நாள். பழைய போனில் திறக்க இரண்டரை விநாடி ஆகிறது, அது தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடினேன். மனதாரத் தேடினேன்.

ஒரு இடத்தில் மட்டும் நின்றேன். லிஸ்டில் முப்பத்திரண்டு வரிகள். திறந்தவுடன் அவை காலியாக இருக்க வேண்டுமா, 'சரி' என்று டிக் போட்டே இருக்க வேண்டுமா? இரண்டு போனுக்கும் ஒரே புரோகிராம் கோடு என்றால் ஒரே பதில்தான் எழுத முடியும். என் ஆப்பில் காலி. மெக்கானிக் தொடாத வரி 'பார்க்கவில்லை' என்று பதிவாகும். என் வீட்டுக்காரரின் ஐபோன் கோடைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். முப்பத்திரண்டிலும் வெளிர் சாம்பல் நிறத்தில் டிக். தொடாவிட்டால் 'சரி' என்று போய்விடும்.

இத்தனை நாளாக எப்படி ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று? நாற்பது மெக்கானிக்குகளில் ஐபோன் வைத்திருப்பது நான்கு பேர்தான். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், நீ எதற்கு என் கோடைத் திறந்தாய் என்று கேட்பார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 20, வியாழன்

மெக்கானிக் லீவு முடிந்து வந்தாள். வெப்பில் அவள் போட்ட ஒன்பது பதிவுகளும் காணோம். சில நாள் திறக்காமல் இருந்தால் அவளுடைய போன் அந்தச் சேமிப்பைத் தானாகவே துடைத்துவிடுகிறது. அறிக்கையில் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவள் சொன்னாள், "அக்கா, எனக்கு மெமோ வரப்போகுது."

நாங்கள் இறங்கிப் பார்த்த அதே கட்டிடம். போன வாரம் லிஃப்ட், தளத்துக்கு ஒரு சாண் கீழே போய் நின்றிருக்கிறது. உள்ளே இரண்டு பேர். அடி எதுவும் இல்லை. திறந்து பார்த்தால் பிரேக் கட்டை தேய்ந்து போயிருக்கிறது. ஆனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச், மூன்று மாதமும் அவள் பெயரில் 'பிரேக் – சரி' என்று பதிவு.

"நான் பிரேக்கைத் தொடவே இல்லக்கா. அதைப் பார்க்க ரெண்டு ஆள் வேணும். எனக்கு ஆள் அனுப்பலை. அதான் எப்பவும் போல அந்த வரியைத் தொடாம விட்டேன். சத்தியமா நான் சரின்னு போடலைக்கா."

"போன் எப்ப மாத்தினே?"

"ஜனவரியில. ஐபோன்."

அவளுடைய போனை வாங்கி லிஸ்டைத் திறந்தேன், முப்பத்திரண்டிலும் சாம்பல் டிக். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மெமோ அவளுக்கு, தண்ணீர் எனக்கு.

மார்ச் 21, வெள்ளி

சுருக்கத்திடம் சொன்னேன். தப்பு மெக்கானிக் மேல் இல்லை, இரண்டு ஆப்பும் இரண்டு மாதிரி நடந்துகொள்கின்றன என்று. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"லிஸ்ட் காலியாத்தான் ஆரம்பிக்கணும்னு நானே சொல்லியிருக்கேனே. நீங்க மாத்தியிருக்கீங்க. அவர் மாத்தலை. அவ்வளவுதானே?" இரண்டு போனையும் என் பக்கம் தள்ளினார். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. யாரை வெச்சுக்கிறதுன்னு குழம்பிட்டிருந்தேன்."

எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் உறைக்கிறது. என் வீட்டுக்காரர் அப்படி விடுகிற ஆள் இல்லையே. சுருக்கம் சொல்லி, அவர் மறந்தாரா? ஒரு டிக் துள்ளி விழுகிற அழகுக்கு இரண்டு மாதம் செலவழித்தவர். எனக்கு அப்பவே லேசா தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்.

மார்ச் 22, சனி

நான்கு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை அலமாரியிலிருந்து எடுத்தேன். நானே என் கையால் எழுதியிருக்கிறேன்:

"செக்லிஸ்ட் இனி காலியாக ஆரம்பிக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். என் வீட்டுக்காரர் இன்று ஆபீஸ் வரவில்லை. வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். நாங்கள் பேசி ஆறு நாள் ஆகிறது. முதலில் அவர் பேசட்டும்."

ஐந்து நாள் கழித்து: "பேசிவிட்டார். 'சார்ஜர் எங்க?' என்று."

அதற்குப் பிறகு செக்லிஸ்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. எதற்காகப் பதினோரு நாள் பேசாமல் இருந்தோம் என்றும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். அந்த மாதம் முழுக்க மழை பற்றி நிறைய எழுதியிருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் மகள் நீச்சலுக்குப் போனதும் சொன்னேன். எல்லாவற்றையும், அறிக்கை உட்பட. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துண்டு வரைக்கும் மடித்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து தன் கோடைப் பார்த்தார்.

"நாலு வருஷம்" என்றார். "ரொம்ப அழகா தப்பு பண்ணிட்டிருந்திருக்கேன்."

"தப்பு என்னுது. நான் சொல்லலை."

"அது சரி. மூணு வாரமா சும்மா ஒரு டெஸ்டா?"

அவருக்குக் கோபம் செக்லிஸ்டில் இல்லை, அங்கேதான் என்று புரிந்தது. "என் வேலை போகப்போகுதுன்னு பக்கத்து சீட்டுல உக்காந்து நீயே எழுதிட்டிருந்திருக்க. டீ வேணுமான்னு வேற கேட்டிருக்க."

"உங்க வேலையா என் வேலையான்னு எனக்கும் தெரியாதுங்க."

"தெரியாதவங்க ரெண்டு பேரும் சேர்ந்து தெரியாம இருந்திருக்கலாமே."

அழுகை வந்தது. அவர் லேப்டாப் பக்கம் திரும்பினார். பத்து நிமிடத்தில் கோடை மாற்றி அனுப்பிவிட்டார். ஆனால் ஆப் ஸ்டோர்காரர்கள் பார்த்து ஒப்புதல் கொடுக்க ஒரு நாள் ஆகலாம். அதுவரை ஐபோன் வைத்திருக்கும் நான்கு பேரையும் போனில் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியையும் பார்த்து மாற்றச் சொன்னேன்.

வெப்பாக இருந்தால் இந்த மாற்றம், அனுப்பிய கையோடு எல்லாருக்கும் போயிருக்கும். அறிக்கையில் இதைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். சேர்த்தேன்.

மார்ச் 24, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. வெப்: மாற்றுவது சுலபம், குழிக்குள் நம்ப முடியாது. கிராஸ் பிளாட்ஃபார்ம்: கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், நம் வேலைக்கு அது போதும், இதையே எடுத்துக்கொள்ளலாம். நேட்டிவ்: வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. அதன் கீழே நான் எழுதியது:

"குறை: எழுதுகிறவர்கள் இருவர் என்பதால், ஒருவரிடம் சொன்னது மற்றவரிடம் போய்ச் சேர வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் அப்படி ஒன்று சேரவில்லை. சேர்க்காதவள் நான். ஐபோன் ஆப்பை எழுதுகிறவருக்கு அது தெரியாது. மெக்கானிக் மீது தவறு இல்லை."

சுருக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் சொல்லலை?"

"அப்ப நாங்க பேசிக்கலை சார்."

"ஆபீஸ்லயா?"

"வீட்ல. அதனால ஆபீஸ்லயும்."

"சுருக்கமா சொல்லிட்டீங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஐபோன் ஆப்புக்கு ஒப்புதல் வந்துவிட்டது. வீட்டில் அளவோடு பேச்சு. "சாவி", "பால்", "அவளுக்கு ஃபீஸ் இன்னிக்குக் கடைசி". பதினோரு நாளுக்கு இது எவ்வளவோ மேல்.

மார்ச் 28, வெள்ளி

மெக்கானிக்கின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு ஒன்று வந்திருக்கிறது. நல்ல தாள்.

ஏப்ரல் 2, புதன்

முடிவு சொன்னார்கள். இனி கிராஸ் பிளாட்ஃபார்ம். எழுத ஒரே ஆள், அவர். எனக்குச் சோதனை வேலை. புதிதாக எது வந்தாலும் மெக்கானிக்குகளோடு கட்டிடம் கட்டிடமாகப் போய்ப் பார்த்து, சரி என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆப் வெளியே போகும். சுருக்கம் இதைப் பதவி இறக்கம் என்று சொல்லவில்லை. 'மாற்றம்' என்றார். ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள்.

ஒன்பது வருஷத்துக் கோடு. இந்த மாசக் கடைசியோட நிறுத்திடுவாங்க. நியாயம்தான், நானே பரிந்துரை பண்ணினதுதான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "உன் கோடைப் படிச்சிட்டிருக்கேன். புதுசுல சேர்த்துக்கறதுக்கு. கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கற பகுதி என்னுதைவிட உன்னுது நல்லாருக்கு" என்றார்.

ஒன்பது வருடத்தில் என் கோடை அவர் படித்தது இதுதான் முதல் தடவை. நான் அவருடையதைப் படித்தது மார்ச் பதினான்காம் தேதி, அதுவும் திருட்டுத்தனமாக.

ஏப்ரல் 30, புதன்

இன்று என் ஆப் நின்றது. மகள் எட்டாம் வகுப்புக்குத் தேறிவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

காலையில் பெரிய சண்டை. காரணத்தை இந்தத் தடவை எழுதி வைக்கிறேன்: வாஷிங் மெஷினில் என் டெஸ்ட் போனைப் பார்க்காமல் போட்டுவிட்டார். பாக்கெட்டில் விட்டது நீதானே என்கிறார். ஆளுக்கொரு பஸ்ஸில் போனோம்.

மெக்கானிக் பெண்ணோடு ஒரு மருத்துவமனையில் குழிக்குள் இருந்தேன். மேலே வந்து சிக்னல் கிடைத்ததும் கம்பெனி கொடுத்த மாற்றுப் போனில் அவரிடமிருந்து நான்கு செய்தி.

"நான் உன்கூடப் பேசலை. இது ஆபீஸ் விஷயம். குறைன்னு போடற வரிக்கு இனி போட்டோ கட்டாயம்னு சுருக்கம் இப்பதான் சொன்னார்."

"பார்த்தியா?"

"நீ பார்க்காம நான் எழுத ஆரம்பிக்க மாட்டேன்."

"சண்டை அப்படியேதான் இருக்கு."

படிக்கட்டில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பதில் போட்டேன்.

"நானும் பேசலை. பார்த்துட்டேன்."