வழக்கில் கிடக்கும் குழி

மார்ச் 4, செவ்வாய்

மாநகராட்சி மீது யார் வழக்குப் போட்டாலும் எங்கள் சட்டப் பிரிவுதான் பதில் சொல்ல வேண்டும். வரி, கடை வாடகை, நாய்க்கடி, இடிந்து விழுந்த சுவர். நகரம் செய்தது எல்லாம் சரி என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம். சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப் போய்விட்டது.

இன்று புதிதாக ஒன்று என் தலையில் விழுந்தது. தையல்கார அம்மாவின் வழக்கு. இதுவரை நடத்தியவர் ஓய்வு பெற்றுவிட்டார். சில வருடங்களுக்கு முன்பு, சந்தைத் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தபோது அந்த அம்மா சாக்கடைக் குழியில் விழுந்திருக்கிறார். மூடி இல்லை என்கிறார். வலது முழங்கால் இனி மடங்காது. தையல் மிஷினை மிதிக்கிற கால். எங்கள் பதில்: மூடி இருந்தது, அவர்தான் பார்த்து நடக்கவில்லை.

மார்ச் 5

தலைவலி. வாடகை வழக்குகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

வழக்கு நடத்துகிறவள் இடத்தைப் பார்க்க வேண்டாமா என்று சாயங்காலம் சந்தைத் தெருவுக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

குழி இன்னும் திறந்தே கிடக்கிறது! உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைகீழாக நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். அதுவும் நாங்கள் வைத்ததில்லை, பக்கத்துப் பழக்கடைக்காரர் உபயம். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் நாற்காலிக் காலை ஒரு கையால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடுகிறார்கள், விளையாட்டுச் சாமான் மாதிரி.

அங்கே நின்றபடியே சாலைப் பொறியாளருக்குப் போன் போட்டேன்.

"ஏன் சார் இன்னும் மூடல?"

"கேஸ் இருக்குல்ல மேடம்? நாங்க எப்படிக் கை வைக்கறது? உங்க டிபார்ட்மெண்ட்தானே தொடாதீங்கன்னு சொன்னது?"

மார்ச் 12, புதன்

வழக்குக் கட்டு முழுவதையும் புரட்டினேன். நீதிமன்றத் தடை எதுவும் இல்லை. மூடாதே என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. சொன்னது நாங்கள். இங்கே அது ஒரு வழக்கம் — வழக்கு முடியும் வரை அந்த இடத்தில் எதையும் மாற்றக் கூடாது. இன்று போய் மூடினால், அன்று திறந்திருந்தது என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடுமாம்.

எங்கள் பிரிவின் தலைவரிடம் போனேன். 'பெரியவர்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். கெட்ட மனிதர் இல்லை.

"மூடினா தோத்துடுவோம்மா. தீர்ப்பு வரட்டும். அப்புறம் தங்கத்துலகூட மூடி போடட்டும், யாரு வேணாங்கறா?"

"அதுக்குள்ள இன்னொருத்தர் விழுந்தா சார்?"

"அது வேற கேஸ்."

சிரிக்காமல் சொன்னார். எனக்கும் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது. சரி பண்ணலாமா, இல்ல அதுக்கும் கேஸ் நடக்குதா?" என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மார்ச் 19

நாளைக்குக் குறுக்கு விசாரணை. கேள்விகளை எழுதி வைத்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

தையல்கார அம்மா காலை நீட்டியபடியேதான் கூண்டில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல எங்கள் தரப்பை அவர் முன் வைத்தேன்.

"அன்னிக்கு அந்தக் குழிக்கு மூடி இருந்ததுன்னு சொல்றேன்."

"இப்பவே இல்லையேம்மா. வந்து பாருங்க."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, இன்னுமா திறந்து கிடக்கு?"

விவரம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வரி உண்டு. எத்தனையோ தடவை எங்களைக் கரை சேர்த்த வரி. வாய் வரை வந்தது. ஆனால் நான்தான் பார்த்துவிட்டேனே? கண்ணால் பார்த்ததற்கு யாரிடம் போய் விவரம் கேட்பது?

"திறந்துதான் இருக்குங்கய்யா. நானே பார்த்தேன்."

"மூட வேணாம்னு யார் சொன்னது?"

"கோர்ட்டு எதுவும் சொல்லலைங்கய்யா. கேஸ் இருக்குன்னு நாங்களா விட்டுட்டோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முதல்ல போய் மூடுங்கம்மா."

வெளியே வந்ததும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஏன்டீ இப்படிச் செஞ்சே? செய்யாம இருந்திருந்தா மட்டும் நிம்மதியா இருந்திருப்பியா?

மார்ச் 21

மூடிவிட்டார்கள். அரை நாள் வேலை. இத்தனை வருடம், அரை நாள் வேலை!

ஏப்ரல் 9, புதன்

தோற்றோம். பெரியவர் உட்காரச் சொல்லவில்லை.

"நீ யாரோட வக்கீல்மா? அவங்களோடயா, நம்மளோடயா?"

நகரத்தோட வக்கீல் சார் என்று சொல்லத் தோன்றியது. அந்தப் பிள்ளைகளும் நகரத்தில்தானே சேர்த்தி? சோர்வாக இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாற்றிவிட்டார்கள். பழைய ஆவண அறை. இனி யாருக்கும் சட்டக் கருத்து எழுதிக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவில் தனியாக ஒரு வரி வேறு. கருத்துக்குக் கீழே குத்துகிற என் முத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 22

தூசி. தும்மல். வேறொன்றும் இல்லை.

மே 2, வெள்ளி

சாலைப் பொறியாளர் ஆவண அறைக்கே வந்துவிட்டார். கதவை ஒட்டி நின்றுகொண்டு உள்ளே வரவே யோசித்தார்.

"மேடம், கேஸ்ல கிடக்கற குழி இன்னும் பத்துப் பன்னெண்டு இருக்கு. மழை வரப்போகுது. மூடிடட்டுமா?"

"என்னை ஏன் கேக்கறீங்க? பெரியவரைக் கேளுங்க."

"அவர் என்ன சொல்வாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மூடுங்க சார்."

"எழுத்துல குடுங்க மேடம். நாளைக்கு ஒண்ணுன்னா என் வேலை போயிடும்."

அவர் வேலை! என் வேலை? பெரிய மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் எழுதினேன். 'வழக்கு நிலுவையில் இருப்பது குழியை மூடத் தடையாகாது.' கீழே கையெழுத்து.

"முத்திரை?"

"இல்ல சார். இந்தக் கையெழுத்துதான் இருக்கு."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இது எதற்கும் செல்லாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நன்றிகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கீழே லாரி நின்றது. சிமெண்ட் மூடிகளை ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.