கடைசி வாங்கில் நான்

ரீச்சர், சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று காலை பத்தாம் வகுப்பின் கடைசி வாங்கில் குந்தப் போய், மேசைக்கும் வாங்குக்கும் நடுவில் இறுகிப்போனேன். நான் நடத்தும் பள்ளிக்கூடக் கன்ரீனில் மிஞ்சும் வடைகள் வீணாகக் கூடாதென்று நானே சாப்பிட்டதன் பலன். மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தபோது வெண்கட்டித் தூளின் மணம் மூக்கில் ஏறியது. உங்கள் சேலையின் மணம்.

புது ஆசிரியர்கள் வந்தால், மணி அடிக்க முன்னர் அவர்களை வெறும் வகுப்பில் நிறுத்திப் படிப்பித்துப் பழகச் சொல்வீர்கள். குழப்படிக்காரப் பெடியனின் வேடம் எனக்கு. "நீர் எட்டாம் வகுப்போடை படிப்பை விட்டனீர். கடைசி வாங்கு உமக்குத்தான் பொருந்தும்" என்று சிரித்தீர்கள்.

"ரீச்சர், உதைப் படிச்சா வலையிலை கூடுதலா மீன் படுமோ?" என்று கேட்பேன். விடியப்புறம் தகப்பனோடு வலை இழுத்துவிட்டு வரும் எங்கள் கரைப் பிள்ளைகள் கேட்பதுதான். வந்தவர்கள் முகம் சிவந்து, "வெளியிலை போ!" என்பார்கள்.

"அனுப்பினா அவன் கடலுக்குப் போயிடுவான். பிறகு வரமாட்டான்" என்பீர்கள்.

நானும் அப்படிப் போனவள்தான், ரீச்சர். எட்டாம் வகுப்பில் ஒருநாள் வாசலைக் காட்டினார்கள். வீட்டில் கருவாடு காயப்போட ஆள் தேவையாக இருந்தது. ஏன் நின்றேன் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் பகிடியிலேயே காலத்தைக் கடத்திவிட்டேன்.

நீங்கள் காலமாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு அந்தக் காலை வகுப்பு நடக்கவில்லை. உரும்பிராயிலிருந்து வந்த புதுக் கணித ரீச்சர் நேற்றுக் கன்ரீனுக்குள் வந்து அழுதார்.

"என்னாலை உந்தப் பெடியளைச் சமாளிக்கேலாது அக்கா. இடமாற்றம் கேக்கப் போறன்."

"கேளுங்கோ. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ, கண்ணீர் விழுந்து உப்புக் கரிக்கப்போகுது. நாளைக்கு வெள்ளன வந்து என்னைச் சமாளிச்சுக் காட்டிப்போட்டுப் போங்கோ."

இன்று அதே கேள்வியைக் கேட்டேன். அவருடைய கை வாசல் பக்கம் எழும்பியது. நீங்கள் வழமையாக நிற்கும் யன்னலோரத்தைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

கை மெல்ல இறங்கியது.

"மீன் படுமோ எண்டு எனக்குத் தெரியாது. உன்ரை அப்பாவின்ரை வலையிலை எத்தினை கண்? எல்லாத்தையும் எண்ணாமல் சொல்லு பாப்பம்."

பலகையில் வலை கீறினார். குறுக்கே ஒரு வரி, நெடுக்கே ஒரு வரி ஓட்டைகளை எண்ணிப் பெருக்கினால் போதுமாம். பகிடிவிட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யன்னல் பக்கம் மறுபடி பார்க்கத் துணியவில்லை.

மணி அடித்ததும், "நாளைக்கும் வாறீங்களோ அக்கா?" என்றார்.

"ஓம்" என்றேன். நீங்கள் தந்த வாங்கை விடமாட்டேன், ரீச்சர்.

அதற்குள் கன்ரீன் அடுப்பில் வைத்த கடலை கருகிவிட்டது. இடைவேளைக்குப் பிள்ளைகளுக்குப் பாணும் சம்பலும் கொடுத்தேன்.