காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டீரே

இன்று நவம்பர் பதினேழு. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஒன்பது நாளும். நான் உம்மைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்பதை உயிரோடு இருந்தவரை நீர் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை. இனி அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

மேசையில் உமது கல்வெட்டு கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து கையில் தருகிற நினைவுப் புத்தகத்தை நம்மவர் இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அச்சு மை மணக்கிறது. திறந்தால் பிள்ளையார் துதி, அடுத்தது தேவாரம். கோயில் கதவு எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்று கத்தி, இருபது வயதில் நெற்றியில் தையல் வாங்கிய உமக்கு! நான்காம் பக்கத்தில், "தாய்சொல் தட்டாத தனயன், மொஸ்கோவில் பொறியியற் பட்டம் பெற்றவர்." முதற்பாதி உண்மை என்பது என் கோபம். இரண்டாம் பாதி பொய் என்பது அதற்கடுத்த கோபம்.

லண்டனில், ஹரோ மண்டபத்தில் இதைத் தந்த உமது தங்கை மகள் கேட்டாள்:

"அன்ரி, மாமா கவிதை எல்லாம் எழுதினவராமே? ஒண்டாவது கிடைச்சிருந்தால் போட்டிருக்கலாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான், ஹொஸ்பிற்றல்ல. ஆரோ காட்டிக்குடுத்திட்டினமாம். அதோட விட்டிட்டன் எண்டார்."

நான் வடையைக் கடித்துக்கொண்டு, "என்னட்டை ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றேன்.

கொம்யூனிஸ்ட் கட்சி எடுத்துத் தந்த புலமைப்பரிசிலில் நாம் இருவரும் ஒரே ஆண்டில் மொஸ்கோ போனோம். இறங்கிய அன்றே, விமான நிலையத்தைக் கூட்டிக்கொண்டிருந்த கிழவியை "தோழர்" என்று அழைத்துத் தலைகுனிந்து வணங்கினீர். ஏதோ விசாரணை என்று பயந்த அவள் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நான் சிரித்தேன். ஒரு கிழமை நீர் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது பனிக்காலத்தில் அந்த நம்பிக்கைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே வரிசைகளில் சேர்ந்தோம். ஒருநாள் மூன்று மணி நேரம் நின்று வாங்கிவந்தவை குழந்தைச் சப்பாத்துகள். விடுதியில் எதையாவது மனம்விட்டுப் பேசுவதென்றால் முதலில் வானொலியின் சத்தத்தைக் கூட்டினோம். அப்போதுதான் அந்தக் கவிதையை எழுதினீர். வரிசையில் ஒருநாளும் நிற்காதவர்கள் யார் என்று அது கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

"நான் எதிர்த்து எழுதேல்லை. இவையள் சொன்னதை இவையளிட்டையே திருப்பிக் கேக்கிறன்" என்றீர்.

ஆறு கிழமையில் அது பல்கலைக்கழகப் பீடாதிபதியின் மேசையில் இருந்தது, உம்மைக் கூப்பிட்டார்கள். பட்டம் இல்லாமல் யாழ்ப்பாணம் திரும்பினீர். அதன்பின் நீர் ஒரு வரியும் எழுதவில்லை.

அங்கே உமது அம்மா காத்திருந்தார். ஆசிரியை, வீட்டையும் வகுப்பாகவே நடத்தியவர். உமது வேலை, உமது சட்டையின் நிறம், நடக்காமற்போன உமது இரண்டு கலியாணங்கள், எல்லாம் அவர் தீர்ப்பு. யுத்தத்தில் நீர் லண்டனுக்குத் தப்பி வந்தீர். நான்கு வருடத்தில் அவரையும் அழைத்துக்கொண்டீர். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து நீர் வரும்வரை அவர் சாப்பிடாமல் இருப்பார். அன்பு என்றீர் நீர். தண்டனை என்றேன் நான்.

நானும் லண்டன் வந்து குடியிருந்த விம்பிள்டனிலிருந்து சனிக்கிழமைகளில் உமது வீட்டுக்கு வருவேன்.

"கோப்பையை நேராப் பிடி. அம்பது வயசாச்சு, ஒண்டும் ஒழுங்காச் செய்ய ஏலாது."

"ஓம் அம்மா."

"ரஷ்யாவில படிச்சு வந்த லட்சணம்."

சமையலறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, என்னிடம் அதே கேள்வியைக் கேட்பீர்.

"ஆர் குடுத்திருப்பினம்? என்ர அறையில இருந்த பெங்காலிதான்."

"அவனுக்குத் தமிழ் தெரியாது. உமக்கென்ன விசரே?"

"அப்ப ஆர்?"

"தேத்தண்ணி ஆறுது. குடியும்."

அந்த அப்பாவி உம்மைத் தேடிப்பிடித்து எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே குப்பையில் போட்டீர். பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது சொல்கிறேன். கேட்க நீர் இல்லாதபோது சொல்வது துணிச்சல் அல்ல என்று எனக்குத் தெரியும்.

கொடுத்தது உமது அம்மா. எழுதியதையெல்லாம் பிரதி எடுத்து அவருக்கு அனுப்பினீர். இந்த உலகத்தில் நீர் சந்தேகிக்காத ஒரே ஆள் அவர்தான். அவர் அதைப் பீடாதிபதிக்கு அனுப்பினார், ஊரில் பள்ளிக்கூட அதிபருக்கு முறையிடுவது போலவே: "என் மகன் படிப்பை விட்டுத் தங்கள் அரசாங்கத்தைப் பழித்துப் பாட்டெழுதுகிறான். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் சகவாசமும் உண்டு. அவனைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்." அப்படி ஒருத்தி இருக்கவேயில்லை. அதிபர் நாலு வார்த்தை ஏசுவார், மகன் நற்சான்றிதழோடு வீடு வந்துசேருவான் என்று நினைத்திருக்கிறார். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாத அந்தத் திமிரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடிதம் தமிழில் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் தெரிந்தவர் இருவர், ஒருவர் நீர்.

மற்றவளைக் கூப்பிட்டார்கள். கடிதத்தை வாசித்துச் சொன்னேன். பிறகு கவிதையை. காதல் கவிதை என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னாலும் அந்த அறையில் அதுதான் கவிதை. தாய்க்கு மனம் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். எவரும் என்னை மிரட்டவில்லை. எலுமிச்சைத் துண்டு போட்ட தேநீர் தந்தார்கள். பல நாள் பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய். என் ரஷ்ய மொழி எவ்வளவு தேறிவிட்டது என்று காட்ட ஆசைப்பட்டேன். பிறகு உம்மிடம் சொல்லாமல் இருந்ததற்கு இரக்கம் என்று பெயர் வைத்தேன்.

பிரதிகளை நீர் எரித்துவிட்டீர். உமது தமிழ் வரிகள் எனக்கு மறந்துபோயின. அன்று நான் சொன்ன பதினெட்டு ரஷ்ய வரிகள் மட்டும் ட்ராமில் போகும்போதும் மாத்திரை விழுங்கும்போதும் எனக்குள் பிசகாமல் ஓடுகின்றன. சந்தம்கூடக் கெடவில்லை. மிக நல்ல மொழிபெயர்ப்பு என்று பீடாதிபதி பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.