நடுத்தெருவில் போட்ட நாற்காலிகள்

வில்ஹன் தெரு,
ஜூன் 1977, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரென்ஸ்கேவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை தைஸும் அந்தக் கடைசிக் கோடி நாட்டில் அப்படியே இருப்பதாக உன் கடிதத்தில் படித்து நிம்மதியானோம். அங்கே இப்போது குளிர் என்கிறாய், கம்பளிக் காலுறை போடாமல் சைக்கிளை எடுக்காதே. அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அட்டை சரியான நாளில் வந்து சேர்ந்தது, அது கணப்படுப்பு மேலேயே நிற்கிறது. பிறந்தநாள் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் பேனா ஓடாது. உன் சித்தி ஆலெய்டாவின் லிண்டன் தெருவைப் போன இலையுதிர் காலத்தில் நகராட்சி தோண்டிப் போட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, டெல்ஃப்ட் நகரத்தில் செய்தார்களாம், அதே மாதிரி இங்கேயும் செய்துவிட்டார்கள். தெருவின் வாயை ஒரு கார் நுழையும் அளவுக்குக் குறுக்கி, நடுநடுவே செங்கல்லால் மேடு எழுப்பி, இடது பக்கம் ஒரு மரத்தொட்டி வலது பக்கம் ஒரு மரத்தொட்டி என்று மாற்றி மாற்றி வைத்து, தொட்டியெல்லாம் சிவப்பு ஜெரேனியம் பூ. கார்க்காரன் எவனாக இருந்தாலும் வளைந்து வளைந்து கல்யாண ஊர்வலம் மாதிரிதான் போக வேண்டும், சைக்கிள்காரர்கள் நடுரோட்டில் ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஏழு வயது இளையவள், ஆனால் குளிர்பெட்டி அவளுக்குத்தான் முதலில் வந்தது, டெலிபோன் அவளுக்குத்தான் முதலில் வந்தது, இப்போது தெருவும் அவளுக்குத்தான். இதில் கொடுமை என்னவென்றால் அங்கே புகுந்து ரயிலடிக்குப் போய்க்கொண்டிருந்த கார்களெல்லாம் இப்போது நம் தெரு வழியாகப் போகின்றன. அங்கே போக முடியாத வேகத்தையும் சேர்த்து இங்கே போகிறார்கள். அவள் வீட்டு ஜன்னலில் பூ, என் வீட்டு ஜன்னலில் புகை.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். டிசம்பர் குளிரில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அப்பாவுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது உனக்குத் தெரியும். பின்னால் வரும் கார் அவருக்குக் கேட்பதில்லை. ஏப்ரலில் ஒரு காலை ஊர்க்கோடியில் இருக்கும் நம் காய்கறித் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வரும்போது நம் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் ஒரு காரின் பக்கக் கண்ணாடி கைப்பிடியில் உரசி, மனிதர் ரோட்டில் விழுந்தார். கார் நிற்கவே இல்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தால், முட்டியில் ரத்தம் வழிய ரோடெல்லாம் உருண்ட முள்ளங்கியைப் பொறுக்கிக்கொண்டு, "முள்ளங்கி தப்பிச்சிருச்சு ஹென்னி, என் முட்டிதான் போச்சு" என்று சிரிக்கிறார். அடுத்த முறை பொறுக்க வேண்டியது முள்ளங்கியாக இருக்காது என்று தோன்றிவிட்டது. சைக்கிளை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன், அதற்கு அவர் சைக்கிள் ஓட்டாமல் வாழ்வதற்குப் படுத்தே கிடக்கலாம் என்றார். ஆனால் மறுநாளிலிருந்து வழியை மாற்றிக்கொண்டார். எந்த வழி என்று உனக்கே தெரியும். லிண்டன் தெரு. அந்த வழியில் போனால் சித்தி வீட்டு வாசலைத் தாண்டாமல் வர முடியாது, பத்து மணிக்கு அவள் ஜன்னலைத் தட்டிக் கூப்பிடாமல் இருக்க மாட்டாள்.

முப்பத்தெட்டு வருஷமாகப் பத்து மணிக் காபியை என்னோடு குடித்த மனிதர், ரென்ஸ்கே. நான் இங்கே ரெண்டு கோப்பை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், இவர் பத்தரைக்குக் காபி வாசனையோடு உள்ளே வருவார். ஒரு நாள் கோட்டில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது, தட்டிவிடப் போனால் ஒரு பிஸ்கட்டின் தூள் இல்லை அது. காபிக்கு ஒரு பிஸ்கட், எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவது, ஊரில் எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம். கேட்டால், "ஆலெய்டா டப்பாவ மூடுறதே இல்ல, அது பாட்டுக்குத் திறந்தே இருக்கு" என்கிறார் குழந்தை மாதிரி. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை நான் மசித்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான், அறுபத்திரண்டு வயதில் என் தங்கையின் பூத்தொட்டி மேல் பொறாமை. கடைத்தெருவில் அவளைப் பார்த்தபோது, "நகராட்சிக்கு மனு எப்படி எழுதணும்னு நான் சொல்லித் தரேன் அக்கா, எங்களுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு, உங்களுக்கும் கிடைக்கும்" என்றாள். உதவிக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரல், உங்களுக்கும் கிடைக்கும் என்கிற அந்தக் குரல், எனக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்க வந்த வெண்ணெயை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பிறந்தநாள் பேச்சு வந்தது. அப்பாவின் கூட்டாளிகள் உனக்குத் தெரியும், எல்லாரும் சைக்கிள்காரர்கள், எல்லாரும் எழுபதைத் தொடுகிறவர்கள். அப்பா விழுந்த கதை கேட்ட பிறகு நம் தெருவுக்கு வர அவர்களுக்குப் பயம். "நாம ஆலெய்டா வீட்ல வச்சுக்கலாமே, அவங்களும் பயமில்லாம வருவாங்க" என்றார் அப்பா, உப்பைக் கேட்கிற மாதிரி சாதாரணமாக. என் புருஷனின் பிறந்தநாள் அவள் வீட்டு வரவேற்பறையில்! வந்தவர்கள் எல்லாம் அவளுக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்வார்களாம், நான் விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருப்பேனாம். "பிறந்தநாள் இந்தத் தெருவுலதான் நடக்கும்" என்றேன். வீட்டில் என்று சொல்லவில்லை, தெருவில் என்றுதான் வாயில் வந்தது. வந்த பிறகு அது சரியாகத்தான் இருக்கிறது என்று பட்டது.

போன மாதம் பிறந்தநாள் வந்த சனிக்கிழமை காலை ஆப்பிள் கேக்கை ஜன்னலோரம் ஆறவைத்துவிட்டு, வீட்டிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கினேன். அடுப்படி நாற்காலி, உன் பழைய படிப்பு நாற்காலி, அப்பாவின் சாய்வு நாற்காலி, பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கியவை. எல்லாவற்றையும் நடுரோட்டில் வட்டமாகப் போட்டேன், பிறந்தநாளுக்கு எப்படிப் போடுவோமோ அப்படியே, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து ஒரு சுற்று வர வசதியாக. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கும் குறுக்கே காகிதத் தோரணம். அப்பா வாசலில் நின்று, "உனக்கென்ன பைத்தியமா, போலீஸ் வரும்" என்றார். "வந்தா கேக் இருக்கு, நீங்க உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். வட்டம் தெரு முனையிலிருந்தே தெரிந்ததால் கூட்டாளிகள் தைரியமாகச் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆரஞ்சு நிறக் கார் வந்து ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. காரிலிருந்து ஒரு கழுத்துத் தடித்த ஆள் இறங்கி, "என்னய்யா இது, ரோடு உங்க அப்பன் வீட்டு..." என்று ஆரம்பித்தவன், தோரணத்தையும் வட்டத்தையும் பார்த்தான். பிறந்தநாள் வட்டத்துக்குள் நுழைந்துவிட்டுக் கைகொடுக்காமல் நிற்க இந்த நாட்டில் எந்தத் தாய் பிள்ளை வளர்த்திருக்கிறாள் சொல். அவன் கை தானாக நீண்டது. "பிறந்தநாள் வாழ்த்துகள் ஐயா" என்று அப்பாவிடம், "உங்க வீட்டுக்காரருக்காக உங்களுக்கும் வாழ்த்துகள்மா" என்று என்னிடம், "உங்க கூட்டாளிக்காக வாழ்த்துகள்" என்று ஒவ்வொருவரிடமும், வட்டம் முழுக்கச் சுற்றி வந்தான். சுற்றி முடித்தவனை நிற்கவைப்பது மரியாதை இல்லையே, காபி கொடுத்தேன். அவனுக்குப் பின்னால் ஹாரன் அடித்தவர்களும் என்ன என்று பார்க்க இறங்கி வந்து அதே பொறியில் விழுந்தார்கள். வரிசை பெரிய ரோடு வரைக்கும் போய்விட்டதாம், உண்மையிலேயே போலீஸ்காரர் வந்தார், அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தார். அப்பாவின் காதைப் பற்றியும் முள்ளங்கியைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். ஆரஞ்சுக் கார்க்காரன் கேக்கைப் பார்த்துக்கொண்டே, "நானும் இங்க வேகமாத்தான் போவேன், வீடுன்னு தோணலையே, ரோடுன்னுதான் தோணுச்சு" என்றான். அவன் கெட்டவன் இல்லை.

அப்போதுதான் சித்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், கையில் பூங்கொத்து. நடுரோட்டு வட்டத்தைப் பார்த்தாள், நிற்கும் கார்களைப் பார்த்தாள், கேக் சாப்பிடும் போலீஸ்காரரைப் பார்த்தாள். "நாங்க ரெண்டு வருஷம் மனு எழுதிக் கிழிச்சோம், நீ ஒரே கேக்குல முடிச்சுட்டியா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. அந்த மூக்கை நான் தொட்டிலிலிருந்தே பார்த்து வருகிறேன், எப்போது சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா. மறைக்காமல் சொல்கிறேன் ரென்ஸ்கே, அந்தக் கேக்கைவிட அது இனித்தது. பெரிய துண்டாக வெட்டி அவளுக்குக் கொடுத்தேன்.

அந்தப் போலீஸ்காரர் போய்ச் சொல்லியிருப்பார் போல, அடுத்த வாரமே நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து அளந்தார்கள், குளிர்காலம் வரைக்கும் பரிசோதனைக்கு என்று சொல்லித் தொட்டிகளை இறக்கிவிட்டுப் போனார்கள். ஜெரேனியம் தீர்ந்துவிட்டதாம், எங்களுக்கு வெறும் மண்தான், நானே சாமந்தி நட்டேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு அப்பா நம் தெரு முனையில் மணி அடித்துக்கொண்டே வளைந்து வளைந்து வந்தார், பின்னால் ஒரு கார் பொறுமையாக ஊர்ந்து வந்தது. கோப்பையை வைத்தேன், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார், நான் டப்பாவை மூடவில்லை. அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டாவதை எடுத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேற்று சாமந்திக்குத் தண்ணீர் ஊற்றும்போது குழந்தை வண்டியோடு ஒரு பெண் என் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மோலன் தெருவில் இருப்பவள். நம் தெருவில் வேகம் போனதிலிருந்து கார்களெல்லாம் அவள் வாசலில் பறக்கின்றனவாம். மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அதே பார்வையோடு நான் வெண்ணெய் வாங்காமல் திரும்பியிருக்கிறேன். மனு எழுதச் சொல்லித் தரவா என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "உங்க வீட்ல அடுத்த பிறந்தநாள் யாருக்கும்மா?" என்று கேட்டேன். அவள் புருஷனுக்காம், வருகிற சனிக்கிழமை. நாற்காலிகளைத் துடைத்து வைத்துவிட்டேன், போதாது என்பதால் ஆலெய்டாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியும் அவளிடம்தான் அதிகம்.

நீயும் தைஸும் நீண்ட நாள் நோய் நொடியில்லாமல் இருங்கள், உங்கள் வாசலில் எந்தக் காரும் அவசரப்படாமல் இருக்கட்டும். சித்தியின் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது, மறக்காமல் வாழ்த்து அட்டை அனுப்பு, ஆனால் அப்பாவுக்கு அனுப்பியதைவிடப் பெரிய அட்டையாக வேண்டாம்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ஹென்னி
(அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், டப்பாவில் கை விட்டபடி ஆசி சொல்லச் சொன்னார்.)