அறுபத்தோராவது அட்டை

மார்ச் 3

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினோரு நாள். இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் உண்டு. பதிப்பாளர் அனுப்பிய விளம்பரத் தாளில் என்னை "எண்பதை நெருங்கும் மூதாட்டி" என்று குறித்திருக்கிறார். நான் எதையும் நெருங்கவில்லை. நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"எழுத்தாளர்" என்றும் போட்டிருக்கிறார். அதுவும் பொய். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரு வார இதழில் கதைத் தேர்வாளராக இருந்தேன். தபாலில் வந்த தொடர்கதைகளை முதலில் படித்து, பெரும்பாலானவற்றின் மூலையில் "திருப்பி அனுப்புக" என்று எழுதியவள். வந்ததே வந்துகொண்டிருந்ததால் ஒவ்வொரு தந்திரத்துக்கும் ஒரு பெயர் வைத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை. நல்லவர் ஒருவர் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை இருமினால் முப்பதாம் அத்தியாயத்தில் பிணம்: "ஒற்றை இருமல்." கதவுக்கு வெளியே நின்று பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு மீதிப் பாதிக்குக் காத்திராமல் ஊரை விட்டே போகிறவள்: "கதவோரக் காது." மயங்கி விழுந்தவளின் நாடியைப் பிடித்துவிட்டு மருத்துவர் சிரிப்பது: "மாடிப்படி மயக்கம்."

இருநூற்றுப் பதினான்கு அட்டைகள், ஏழு செருப்புப் பெட்டிகள். அவைதாம் இப்போது நூலாகின்றன.

மார்ச் 4

பதிப்பாளர் தொலைபேசியில்: "தந்திரம்னு சொல்லாம இங்கிலீஷ்ல ட்ரோப்னு போட்டா இளைஞர்கள் வாங்குவாங்க மேடம்." வாங்கட்டும், என்னிடம்.

மார்ச் 7

மகள் மாலைதோறும் வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுகிறாள். ஐம்பது வயது, பல் மருத்துவர்; பிறரை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள். என்னிடம் மட்டும் அந்த வித்தை பலித்ததில்லை.

"அம்மா, அறுபதுக்கு அப்புறம் அறுபத்திரண்டு இருக்கு. அறுபத்தொண்ணு எங்க?"

"தொலைஞ்சிருக்கும்."

"நீயா தொலைச்ச? போன வருஷத்துப் பால் ரசீதுக்கே தேதிவாரியா நூல் கட்டி வச்சிருக்க!"

"வயசாச்சு. எண்பதை நெருங்கறேனாம், விளம்பரத்துல போட்டிருக்கான்."

சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். எல்லா உணர்ச்சியும் எனக்கு அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வரும்.

மார்ச் 12

கொதித்துக்கொண்டிருக்கிறேன். பின்னட்டைக் குறிப்பு வந்துவிட்டது. அப்படியே பெயர்த்து எழுதுகிறேன், என்றாவது ஆறிப்போனால் மறுபடியும் சூடேற்றிக்கொள்ள.

"இளம் வயதிலேயே சாலை விபத்தில் கணவரை இழந்து, தன்னந்தனியாகப் போராடி, ஒரே மகளை மருத்துவராக்கிய தாய்."

நூற்றுநான்காம் அட்டை! "தையல் மிஷின் தாய்." கணவன் செத்த மறு அத்தியாயத்தில் வீட்டுக்குள் தையல் இயந்திரம் வந்துவிடும், அம்மா மிதிப்பாள், கண்ணீர் துணியில் விழும், கடைசி அத்தியாயத்தில் பிள்ளை மருத்துவர். ஐம்பத்திரண்டு கதைகளை ஆதாரத்தோடு பதிந்து நான் கிழித்த தந்திரத்துக்குள் என்னையே உட்காரவைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது.

எழுதியது யார் என்று பதிப்பாளரை உலுக்கினேன். "உங்க டாக்டர் பொண்ணுதான் மேடம்" என்றார்.

மாலையில் அவள் வந்தவுடன் தாளை நீட்டினேன்.

"இந்த விபத்தை எடு."

"ஏன்? நடந்ததுதானே?"

"நடந்ததெல்லாம் பின்னட்டையில போடணுமா? எனக்கு மூலமும்தான் இருக்கு."

"அம்மா. அப்பா செத்தது உனக்கு ஒரு தந்திரமா? அட்டை போட்டு வச்சிருக்கியா?"

அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஐந்து வயதில் பார்த்த மனிதருக்காக ஐம்பது வயதில் கலங்குகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கழுவிய தம்ளர்களையே மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 13

பேச்சில் இருந்தவரை அது என் பொய். அச்சில் ஏறினால்? எடுக்கச் சொல்லக் காரணம் வேண்டும். காரணம் சொன்னால் எல்லாமே சொல்லியாக வேண்டும். நல்ல முடிச்சு. கதையாக வந்திருந்தால் மூலையில் "திருப்பி அனுப்புக" என்று எழுதியிருப்பேன்.

மார்ச் 16

பதிப்பாளர் மறுபடியும். "செத்தவங்க திரும்பி வர்றது பட்டியல்லயே இல்லையே மேடம்? எல்லாத் தொடர்கதையிலும் வருமே! நான் வேணா ஒரு பக்கம் எழுதிச் சேத்துடட்டுமா?"

"சேத்தா புத்தகத்தையே திரும்ப வாங்கிடுவேன்" என்று வைத்துவிட்டேன். தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் திணித்தேன். கோபத்தில்தான்.

மார்ச் 19

எழுதித்தான் ஆக வேண்டும்.

எண்பத்தெட்டாம் அட்டை: "வசதியான விபத்து." ஒரு பாத்திரத்தை என்ன செய்வதென்று எழுதுபவருக்குத் தெரியாதபோது லாரி வரும். என் அட்டைகளில் பெயருக்குக் கீழே விளக்கம். அதற்குக் கீழே "கண்ட இடம்": இதழ், தேதி, பக்கம். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி ஏறக்கூடாது என்பது என் சட்டம். இந்த அட்டையில் முப்பத்தெட்டு வரிகள். மகள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டில் விரல்கள் நின்றன.

"வீட்டில். ஜூன் 9. வாய்மொழி. பக்கம் இல்லை."

ஜூன் 9 எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். பள்ளி விண்ணப்பம் தொடங்கி எல்லாப் படிவத்திலும் தந்தை இறந்த தேதியாக அதைத்தான் நிரப்பியிருக்கிறாள்.

"இது யாரோட கதைம்மா?"

"என்னோடது."

"எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகைல வரல. ஒரே ஒரு வாசகிதான். அப்ப அவளுக்கு அஞ்சு வயசு."

கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டவில்லை.

"செத்தாரா, இல்லையா?"

"அப்ப சாகல. போயிட்டார்."

"எங்க?"

"வேற ஊர். வேற ஒருத்தி. அதுல புதுசா ஒண்ணும் இல்ல, அட்டை இருக்கு."

"இப்ப?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஈரல். அவர் தங்கச்சி ஒரு வரி எழுதியிருந்தா."

விரல்விட்டு எண்ணினாள். ஐம்பது வயதில் விரல்விட்டு எண்ணினாள்.

"எனக்கு நாப்பத்துநாலு வயசு வரைக்கும் அப்பா இருந்தாரா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் எனக்குச் சற்று உதவியாக இருந்திருக்கும்.

மார்ச் 20

அவர் நில அளவையாளர். ஊர் ஊராகப் போவார், வருவார். அந்த ஜூன் ஆறாம் தேதி மட்டும், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் குழந்தை வாசலிலேயே உட்கார்ந்து "அப்பா எப்ப வருவாங்க?" என்று நச்சரித்தது. அந்த வாரம் என் மேசையில் இருந்த கைப்பிரதிகளில் மூன்று லாரிகள். நான்காவதை நான் ஓட்டினேன். பிறகு வேறு பேட்டைக்கு வீடு மாறினோம். விசாரித்தவர்களுக்கெல்லாம் அதே லாரி.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கெட்டிக்காரியின் புளுகு நாற்பத்தைந்து ஆண்டு ஓடியிருக்கிறது. ஓடியதைக் கடைசியில் நிறுத்தியது யார்? நானேதான். ஊரார் புளுகையெல்லாம் பதிந்தவள் தன் புளுகைப் பதியாமல் விட்டால் பட்டியல் முழுமையாகாதே என்று, அன்று மாலையே அட்டையில் ஏற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் பக்கத்திலேயே சீட்டும் செருகிவைத்த மகாபுத்திசாலி! ஒன்றை ஒளித்தவள் இன்னொன்றை மறந்தேனே. என்ன படிப்புப் படித்து என்ன?

மார்ச் 21

அழைக்கவில்லை.

மார்ச் 25

அழைத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். என்னைத் தேடி ஒரு தடவையாவது வந்தாரா?"

"இல்ல."

எதிர்முனையில் அவளுடைய மருத்துவ நாற்காலி ஏறி இறங்கும் முனகல் மட்டும் கேட்டது.

"அப்ப சரி. நீ சொன்னதுல தப்பே இல்ல. அந்த ஆளு செத்தவர்தான்."

என்னை மன்னித்துவிட்டாள் என்று தோன்றியது. அப்பாடா என்று இருந்தது. ஒரு முழு நிமிடம்.

பிறகு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். நாற்பத்தைந்து வருஷம் போதாதா உனக்கு? செத்தவனை ரெண்டாந்தரம் கொன்னுட்டு அப்பாடாங்கறியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா? அவர் எனக்குச் செய்தது அயோக்கியத்தனம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் செய்ததற்குத்தானே தண்டனை? செய்யாததையும் சேர்த்து ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

ஏப்ரல் 2

பின்னட்டைக் குறிப்பை நானே எழுத உட்கார்ந்தேன். "கதைத் தேர்வாளர். ஒரு மகள். கணவர் —"

அந்தக் கோட்டுக்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. மூன்று தாள்களைக் கிழித்தேன். கடைசியில் அந்தச் சொல்லையும் கோட்டையும் அடித்துவிட்டு அனுப்பினேன்.

பதிப்பாளர்: "ரொம்பச் சின்னதா இருக்கே மேடம், உருக்கமா ஒண்ணுமே இல்லையே."

உருக்கம் வேண்டுமென்றால் நெய் வாங்கிக் காய்ச்சட்டும்.

ஏப்ரல் 6

மகள் வந்தாள். பதினெட்டு நாளைக்குப் பிறகு.

"சமாதானத்துக்கு வரல. வேலையைப் பாதில விடற பழக்கம் எனக்கு இல்ல."

"தெரியும். யார் பொண்ணு?"

"அதான் பிரச்சினையே."

கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். அவள் பின்கழுத்தில் நரை ஏறியிருப்பதை இன்றுதான் கவனித்தேன். நான் எழுந்துபோய்ப் பெரிய அகராதியை இறக்கினேன். அதன் பின்னட்டைக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில் முப்பத்தாறு ஆண்டுகளாக இருந்ததை எடுத்துவந்து விசைப்பலகையின்மேல் வைத்தேன்.

"அறுபத்தொண்ணு" என்றேன். "தொலையல. அன்னிக்கு ஃபோன்ல நான் சொன்னதும் பொய்."

தட்டத் தொடங்கினாள். "செத்தவர் திரும்புதல்" என்ற பெயரை. விளக்கத்தை. கண்ட இடங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினெட்டு வரை ஒரே வேகம். பத்தொன்பதில் நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கத்துவாள் என்று காத்திருந்தேன். போய்விடுவாள் என்று காத்திருந்தேன். தட்டும் ஓசை மறுபடி கேட்டது, மிக மெதுவாக, ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக. முழுவதையும் ஏற்றினாள். ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

"இது புத்தகத்துல வரும்" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"வரட்டும்."

"எண்பத்தொன்பது எடு."

எடுத்துக்கொடுத்தேன்.

இந்த நோட்டில்கூட இதுவரை நான் எழுதாதது இது. அவளுக்குப் பதினான்கு வயது. அலுவலகத்தின் உள்தொலைபேசியில் வரவேற்பாளர் அழைத்து, "உங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் வந்திருக்கார் மேடம், பொண்ணைப் பாக்கணுமாம்" என்றாள். எனக்கு முன்னால் ஒரு கைப்பிரதி விரிந்து கிடந்தது. என் கதை ஒன்பது ஆண்டாகப் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவருக்கு அத்தியாயம் இல்லை. "திருப்பி அனுப்பு" என்றேன்.

அட்டையில் இருப்பது இவ்வளவுதான்:

"19. அலுவலக வரவேற்பறை. செப்டம்பர் 14, 15, 16. பிற்பகல் மூன்று மணி முதல் அலுவலகம் மூடும் வரை. மூன்று நாளும் நான் அச்சுக்கூடத்தின் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்."